மொட்டைமாடியிலிருந்து இரண்டு லென்ஸ்கள்

நல்ல நாற்காலி, சார். இரும்பு. இப்போது நாற்காலி என்று விற்கிறார்களே, அதில் உட்காருவதற்கு முன் அதனிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. நான் பேச ஆரம்பித்தால் இப்படித்தான். ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் என்னைக் கண்டதும் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு நழுவுவார்கள். அந்த அளவுக்கு அறுவை.

ஸ்டுடியோவை நானும் தங்கை கணவரும் சேர்ந்து நடத்தினோம். என்னுடையது பழைய லென்ஸ், உடம்பெல்லாம் உலோகம். ஃபோகஸ் வளையம் வழுவழுவென்று திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும். மாப்பிள்ளை வாங்கிவந்தது புதுசு. கேமராவில் மாட்டுகிற வளையம்கூட பிளாஸ்டிக். குலுக்கினால் உள்ளே கடகடவென்றது.

"அது அப்படித்தான் மச்சான். ஆன் பண்ணா சத்தம் நின்னுரும்" என்றார்.

நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் குலுக்கிக் காட்டினேன். கிலுகிலுப்பை கிடைத்த குழந்தை மாதிரிதான் இருந்திருப்பேன். ஆனால் அவர் எடுத்த படங்கள் என் படங்களைவிடத் தெளிவாக இருந்தன. இதை யாரிடமும் சொன்னதில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆட்கள் அவரைத்தான் கேட்டு வந்தார்கள்.

போன வாரம் மாப்பிள்ளை மெதுவாக ஆரம்பித்தார். "மச்சான், உங்க லென்ஸை ஷோகேஸ்ல வச்சிரலாமா? பார்க்க அழகா இருக்கும். நீங்களும் இனிமே அலையாம கவுண்டர்ல உக்காந்துக்கங்க."

அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இரண்டு லென்ஸையும் மொட்டைமாடியிலிருந்து கீழே போட்டுப் பார்க்கலாம் என்றேன். சின்னப்பிள்ளைத்தனம் என்று சிரித்தார். அப்புறம், "சரி, உங்க மனசு ஆறுனா போதும்" என்று தன் லென்ஸைக் கொடுத்துவிட்டுக் கீழே போய் நின்றார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷன் கிடைப்பது கஷ்டம்.

முதலில் அவருடையதைப் போட்டேன். சுக்குநூறானது. அவர் கோபப்படவில்லை. "போதும் மச்சான், நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, குனிந்து சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

கை வழுக்கிவிட்டது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். வழுக்கவில்லை. ஒன்றை மட்டும் போட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகப் படவில்லை. கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதே இடத்தில் போட்டால்தானே ஒப்பிட முடியும்? அந்த இடத்தில் அவர் தலை இருந்தது. நன்றாகப் பார்த்தேன். விலகச் சொல்லவில்லை. பிடியை விட்டேன்.

இறங்கிப் போய் முதலில் லென்ஸைத்தான் எடுத்தேன். தங்கை ஓடிவந்து அவரை மடியில் போட்டுக்கொண்டு, "அண்ணா, வண்டிய கூப்பிடு" என்று கெஞ்சினாள். நான் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். திரும்பியது. இனி அவள் என்னை அண்ணா என்று கூப்பிட மாட்டாள்.

கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால், 'பழைய லென்ஸிலும் கண்ணாடி விரிசல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த விரிசல் மாப்பிள்ளையின் தலையால் வந்தது, சார். நேராகத் தரையில் விழுந்திருந்தால் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது.