அரிசி டப்பாவுல இருந்த போனு

இல்லம்மா, போன்ல தெரியுதேன்னு நீங்க கேக்கறது நியாயந்தான். நானுந்தான் பாக்கறேனே. ஆனா போன்ல தெரியறது படமில்ல, படத்தோட சின்ன அடையாளம். அசல் படம் உள்ள அடைஞ்சு கெடக்கு. அத இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெறக்கத் தெரியல. இங்க வந்து பாருங்க, ஒங்க புள்ள படம் எல்லாம் கட்டங்கட்டமா சாம்பக் கலர்ல நிக்குது. கீழ இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கே, இந்த மாதிரி ஃபைல எனக்குத் தெரியாது போங்கடான்னு அர்த்தம்.

சத்தியமா ஏமாத்தலம்மா. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு நல்லா ஒக்காருங்க, டீ சொல்லிருக்கேன். எனக்கு எந்திரிச்சு வர வழியில்ல. பாத்தீங்கல்ல, இந்த மேசைக்கும் செவுத்துக்கும் நடுவுல என்னையச் சொருகி வச்சிருக்காரு எங்க ஓனரு. நீங்க ஒக்காந்துருக்கற எடந்தான் வெளில போற வழி. அய்யோ வேணாம், நகராதீங்க. நான் எங்க போகப் போறேன். ஓனரு தியாகராசன் சாரு திருநள்ளாறுல ஒரு கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க ஆளுங்களோட போயிட்டாரு. சாயங்காலம் வரைக்கும் கடைய விட்டு நான் அசைய முடியாது.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புனீங்களா? யாரு, உங்க அக்கா மவனா? அதான் பொண்ணு வீட்டுல மங்கலா இருக்குன்னு திருப்பிட்டாங்க. மங்கலாத்தான் இருக்கும். வாட்ஸப்புல ஃபைலா அனுப்புனாலும் அவங்க போன்ல தெறக்காது.

ரா ஃபைலுன்னு சொல்லுவாங்கம்மா. சாதாரணமா போன்ல படம் எடுத்தா போனே எல்லாத்தையும் பண்ணிக் குடுத்துரும். மூஞ்சிய வழவழன்னு ஆக்கும், கருப்பா இருந்தா வெளுப்பாக்கும், தழும்பு இருந்தா தொடைச்சுடும். ரா-ன்னா ஒண்ணுமே பண்ணாம, கண்ணுக்கு முன்னாடி என்ன இருந்துச்சோ அது அப்புடியே. ஆஞ்சு கழுவாத மீனு மாதிரி. யாவாரம் பண்ற உங்களுக்கா சொல்லணும்? சிக்கல் என்னன்னா, ஒங்க புள்ள போனு புதுசு, இங்க இருக்கற சாஃப்ட்வேரு பழசு. புது போனு படத்த அமுக்கிச் சுருட்டி வைக்குது. பழசுக்கு அந்தச் சுருட்டுனத பிரிக்கத் தெரியல.

ஆங், இப்ப ஓடிட்டு இருக்கறது அதுதான், அப்டேட்டு. அந்த நீலக்கோடு இந்த ஓரம் வந்து சேந்துச்சுன்னா தெறக்கும். அத தொடவே கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தாரு சாரு. இருக்கற ஆல்பம் வேலையெல்லாம் நின்னு போச்சுன்னா யாரு பதில் சொல்றதும்பாரு. போன்ல எடுத்துட்டு வர்றவனப் பத்தி நமக்கென்னம்பாரு. நீங்க போன்ல ரெண்டு சத்தம் போட்டதும் சரி பண்ணிக்கன்னுட்டாரு பாருங்க. நான் எத்தன மாசமா கெஞ்சறேன் தெரியுமா இதுக்காக.

எனக்கா? எனக்கு எதுக்கு... வேலைக்குத்தாம்மா. இப்பல்லாம் பாதி பேரு போன்லதான எடுக்கறாங்க.

அக்கரைப்பேட்டையா பொண்ணு? வினோதினி. ம், நல்ல பேரு. நர்சு வேலையா? அப்ப கெட்டிக்காரியாத்தான் இருக்கும். இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள போட்டோ போயிட்டா வெள்ளிக்கெழம வெத்தல பாக்கு மாத்த வந்துருவாங்களா. வெள்ளிக்கெழமைன்னா... நாளைக்கு மறுநாளு. இவ்ளோ சீக்கிரமாவா? புள்ளைக்குத் தெரியுமாம்மா இது? கரைக்கு வந்ததும் சொல்லிக்கலாம்னா, கடலுக்குப் போன போட்டு வெள்ளிக்கெழம விடியக்காலைலதான வருது. வலைய எறக்கி வச்சுட்டு உப்பு நாத்தத்தோட வந்து நிக்கறவருகிட்ட, குளிச்சுட்டு வாடா ஒனக்கு நிச்சயம்னு சொல்லுவீங்களா?

இல்ல, போட்டு எல்லாம் விடியக்காலைலதான கர வரும்னு பொதுவாச் சொன்னேன். இந்த ஊர்ல இருக்கறவங்களுக்கு அது தெரியாதா.

சிரிக்காம என்ன பண்றதும்மா, இந்தப் போனப் பாருங்க. சார்ஜ் குத்தற ஓட்டைல ஒரு அரிசி. ஊசியால எடுத்துட்டேன், இந்தாங்க, ஒங்க வீட்டு அரிசி. கடலுக்குப் போறப்ப பட்டன் போன எடுத்துட்டு, நல்ல போன அரிசி டப்பாவுல பொதைச்சுட்டுப் போறது இங்க எல்லாப் புள்ளைங்களும் பண்றதுதான். உப்புக் காத்து போன தின்னுடும்னு பயம். சரி, காத்துக்குப் பயந்தாரு. ஒல வைக்க தெனம் அந்த டப்பாவுல கைய விடறது யாருன்னு யோசிக்க வேணாமா? தன்னோட ரகசியத்தையெல்லாம் கொண்டுபோயி அம்மா கைக்கு நேரா வச்சுட்டுப் போயிருக்காரு. ஆனந்துக்கு எப்பவும் பாதி யோசனதான்.

பேரா? போன்ல இருந்துச்சும்மா. ஆனந்தராஜ்னு. மொத தெறக்கறப்பயே பாத்தேன்.

போன்ல கோடு இழுத்துத் தெறக்கற அந்தப் பூட்ட நீங்க தெறந்ததப் பாத்துதான் அசந்து போயிட்டேன். புள்ள போடறதப் பாத்துப் பாத்து வெரலுக்கு வந்துருச்சா? அப்ப எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இருக்கீங்க. அவரு என்னமோ அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்காரு.

ரா-ல எடுக்க யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னா... நாந்தாம்மா. கடைக்கு வர்றவங்களுக்கு நான் சொல்றதுதான். மீனவர் அட்டைக்குப் போட்டோ எடுக்க வந்தாரு ஒருநா. எங்க சாரு வழக்கம் போல வெளுத்து, மொகவாய்க்குக் கீழ இருக்கற வெட்டுத் தழும்ப அழிச்சு, சந்தனச் செல மாதிரி பண்ணி கைல குடுத்துட்டாரு. அதப் பாத்துட்டு, இது யாருங்க, எங்கம்மாவே வாசல்ல நிறுத்தி யாரு வேணும்னு கேப்பாங்களேன்னாரு. எனக்குச் சிரிப்புத் தாங்கல. சாரு எதுர்ல சிரிக்கவும் முடியல. அப்பறம் நாந்தான் அழிச்சதையெல்லாம் திருப்பிக் கொண்டாந்து வேற எடுத்துக் குடுத்தேன். போன்லயும் இப்புடித்தான் வருதுன்னாரு. அப்பத்தான் அத மாத்தி வச்சுக் குடுத்தேன். வெயில்ல கருத்த கலரு அது. அத எடுத்துட்டா அவரே இல்லையே.

கொஞ்சம் வெளுப்பாக்கி அனுப்பணுமா? எதுக்கும்மா? பொண்ணு வீட்டுல நேர்ல பாக்க மாட்டாங்களா? சரி சரி, கோச்சுக்காதீங்க. எல்லாரும் கேக்கறதுதான். எங்க வீட்டுலயும் இதே பாட்டுதான். வீடு எங்கயா? தருமபுரந்தாம்மா, அப்பாவுக்குப் பூவத்துல கொஞ்சம் வயலு இருக்கு, குத்தகைக்கு. பேரு அல்லி. எனக்கும் போட்டோ கேட்டுட்டே இருக்காங்க. நீயே போட்டோ கடைல இருக்க, நீயே எடுத்து நீயே நல்லா வெளுத்துக் கொண்டான்னு எங்கம்மா சொல்லுது. நாளைக்கு நாளைக்குன்னு ஓட்டிட்டு இருக்கேன். காலைல வந்தா இந்தச் செவுரு, சாயங்காலம் போனா அந்தப் பேச்சு. நடுவுல பஸ்ல போற நேரந்தான் எனக்குன்னு. மூச்சு முட்டுதும்மா சில நேரம். நெசமாத்தான் சொல்றேன்.

இருங்க... கோடு வந்துருச்சு. அணைச்சுத் தெறக்கச் சொல்லுது.

அம்மா, ஒண்ணு கேக்கட்டா? இந்த ஒரு படந்தான் வேணுமா? போட்டுல நிக்கறது, கண்ணாடி போட்டுட்டு நிக்கறது, அந்த மாதிரி வேற... எல்லாத்துலயும் எண்ணக் கற படிஞ்ச சட்டையா. ம். இதுல மட்டுந்தான் வெள்ளச் சட்ட. இதுல மட்டுந்தான் சிரிக்கறாரா? என் புள்ள இப்புடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லைன்னு சொல்றீங்க. அப்புடிச் சொன்னா நான் என்னம்மா பண்ணுவேன்.

தெறக்கறேன்.

பயப்படாதீங்க, மொதல்ல இப்புடித்தான் இருட்டாப் பச்ச அடிச்சு வரும். இப்ப வெளிச்சம் ஏத்தறேன். கலரு சரியாவுது பாருங்க. சட்ட வெள்ளையாச்சா. இந்தா, மொகம். நெத்தில சந்தனம். தழும்பு. வலது பக்கம் அந்த ஒடைஞ்ச பல்லு தெரியுது பாருங்க, சிரிச்சா மட்டுந்தான் தெரியும் அது.

ஒண்ணுமில்லம்மா. ஃபேன் காத்து கண்ணுல படுது. நானும் இன்னிக்குத்தான் மொதத் தடவ பாக்கறேன்... ஃபைலச் சொல்றேன். இவ்ளோ தெளிவா வரும்னு நெனைக்கல. நீங்களும் தொடைச்சுக்கங்க. ஒங்க புள்ள நல்லா இருக்காரும்மா. கண்ணு பட்டுடும்.

எப்ப எடுத்ததுன்னா, இதுலயே இருக்கும். இந்தா, மே மாசம். மீன்பிடித் தடக்காலம். போட்டெல்லாம் கரைல கெடந்துச்சே, அப்ப. அந்தச் சட்டைய நீங்க வீட்டுல பாத்ததே இல்லையா? இஞ்சின் சாமான் வாங்க நாகப்பட்டினம் போறேன்னுட்டு ஒரு நாளு முழுக்க வரலையா. ம். அப்ப அன்னிக்கித்தான்.

தோள்ல செவப்பா ஒட்டிருக்கறது பூ எதழு. ரோசாப்பூ. கோயில்ல விழுந்துருக்கும்னா எடுத்துடலாம், அது பெரிய வேல இல்ல.

ஓரத்துலயா? எங்க... ஆமா. அது போன்ல தெரியல. போனு ஓரத்தக் கத்திரிச்சுட்டுத்தான் நமக்குக் காட்டும். ரா-ல எடுத்தது மொத்தமும் வந்துருது. நானே எதிர்பாக்கல அத.

ஆமாம்மா, புடவதான். மாம்பழக் கலரு, பச்சக் கரை. அதுக்குக் கீழ ஒரு கையி. கண்ணாடி வளையல் போட்டிருக்கு. வழில போன எவளோ ஒருத்தி குறுக்க வந்துட்டாளா. இருக்கும். பொண்ணு வீட்டுல தப்பா நெனைப்பாங்க, வெட்டிருன்னு சொல்றீங்க.

வெட்டலாம். இங்க புடிச்சு இப்புடி இழுத்தாப் போதும், அந்தப் பக்கம் இருந்ததே தெரியாது. அப்பறம் அந்த எதழயும் எடுத்துட்டா முடிஞ்சுது. சாயங்காலம் வரைக்குங்கூட வேணாம், இப்பவே அனுப்பிடலாம். வெள்ளிக்கெழம அவங்க தட்டோட வந்துருவாங்க. அவரு கர எறங்கி வந்து, முழிச்சுட்டு நிப்பாரு. உங்க மொகத்தப் பாத்ததும் அவருக்கு வாய் வராது. ஒவ்வொரு தடவையும் அதானே. இந்தத் தடவ அம்மாட்ட சொல்லிடறேன், கண்டிப்பா சொல்லிடறேன்னுட்டுத்தான் கடலுக்குப் போறாரு. திரும்பி வந்தா, அம்மா வாசல்ல நின்னுச்சு, அலுப்பா இருந்துச்சு, சொல்லலங்கறாரு. நானும் சரி அடுத்த தடவைன்னு இருந்துட்டேன். எனக்கு மட்டும் வீட்டுல சொல்ல தைரியம் இருந்துச்சாக்கும்.

ஃபைலு தெறக்கலன்னு உங்கள அனுப்பி வச்சிருக்கலாம். காலைலேந்து அத நெனச்சுட்டேதான் ஒக்காந்துருக்கேன். அனுப்பிருந்தா நீங்க பாரதியார் ரோட்டுல வேற கடைக்குப் போவீங்க, அங்க எவனாவது கேள்வியே கேக்காம வெட்டிக் குடுத்துருப்பான். என் கையால என்னைய வெட்டிப் போடறதுக்கு அது எவ்ளவோ தேவலாம்தான். ஆனா இதத் தெறந்து பாக்கணும்னு எனக்கும் ஆச இருந்துச்சு. இத்தன மாசமா எங்கிட்டயும் இந்த ஃபைலு இருக்கு, இதே சாம்பக் கட்டமா.

படம் எடுத்தது நிலான்னு என் சிநேகிதி. எடம் ரிஜிஸ்தர் ஆபீசு வாசலு. கையெழுத்துப் போட்டுட்டு, மாலையக் கழட்டிட்டு வெளில வந்த கையோட எடுத்தது. ரெண்டு பேரும் சேந்து நில்லுங்கன்னுதான் சொன்னா அவ. மொகம் விழுந்தா வம்புன்னு நாந்தான் நகந்து நகந்து ஓரத்துக்குப் போனேன். அவரு அதப் பாத்துத்தான் அப்புடிச் சிரிக்கறாரு.

இருக்கட்டும், ஸ்டூல நகத்தாதீங்க. நான் எங்கயும் போகல. டீ வந்துருச்சு, ஆறிடப் போவுது. குடிங்கத்தே.