பாத்தவ கரை

செருப்பைக் கழட்டிட்டு ஏரிக்கரை மேல ஏறுங்க, தலைவரே. நேத்துதான் பதவி ஏத்துருக்கீங்க, எதுக்குன்னு தெரியாதில்ல? கூட வந்தவங்களும் உட்காருங்க. சொல்றேன். குறுக்கே பேசினா நிறுத்திடுவேன்.

ரொம்ப காலத்துக்கு முந்தி, மெட்ராசுல டி.வி. வந்த புதுசுல, இதே அகரம்பாக்கத்துல சுலோசனா, சுலோசனான்னு ஒரு பொண்ணு இருந்தாளாம். டி.வி.யில செய்தி படிக்கப் போனாளாம். ஊருக்கே ஒரே பெட்டி, பஞ்சாயத்து ரூம்ல. சாயங்காலம் அவ "வணக்கம்"னா ஊரே எழுந்து கும்பிடுமாம். அவ அம்மா பச்சையம்மா மட்டும் பெட்டிகிட்டப் போயி, "சாப்பிட்டியாடி?"ன்னு கேக்குமாம். சிரிக்காதீங்க. பெத்தவ கேப்பா.

அவ குரல் அப்படி. மழை வரும்னு படிச்சா, காயவச்ச நெல்லை வாரிடுவாங்களாம். எந்தத் தாளைக் குடுத்தாலும் திக்காம படிப்பா. படிக்கிறதுதான் அவ வேலை. நெசமான்னு பாக்குறது வேற ஆளு வேலை.

அந்தக் குரலுக்காக ஒரு கட்சி வந்து கூப்பிட்டுச்சாம். தேர்தல்ல நின்னு, ஜெயிச்சு, எம்.எல்.ஏ. ஆயிட்டாளாம்.

அந்த வருஷம் மதகு ஓரமா கரை அரிச்சுப் போச்சு. ஊரு போய் முறையிட்டுது. "சரி பண்ணச் சொல்றேன்"னாளாம். ஐப்பசி பொறந்ததும் கார்ல வந்தா. மேடை ஏறினா. அதிகாரி ஒருத்தன் தாளை நீட்டினான். பழக்கதோஷம், வாங்கிப் படிச்சுட்டா: "ஏரிக்கரை முழுவதும் பலப்படுத்தப்பட்டுள்ளது." அதே குரல். ஊரு கை தட்டுச்சு. கரை கூப்பிடு தூரம்தான். ஒரு நடை ஏறிப் பாத்திருக்கலாம். பாக்கலையே, பாவி மக!

மழை புடிச்சுக்கிச்சு. மண்ணு கரையுதுன்னு, மதகைத் தொறந்து மூடுற மடைக்காரன் முனிரத்தினம் வீடு வீடா ஓடி, பச்சையம்மா வாசலுக்கும் வந்தானாம்.

"பெரியம்மா, கெளம்பு! கோயில் மேட்டுக்குப் போயிடலாம்!"

"போடா. எம் பொண்ணே படிச்சுட்டா. கரை கெட்டியா இருக்குதாம்."

"நான் கண்ணால பாத்தேன் பெரியம்மா!"

"அவளை விட உனக்குத் தெரியுமாக்கும்?"

சொல்லிட்டு உலை வைக்கப் போயிடுச்சாம்.

மத்தியானத்துக்குள்ள கரை போச்சு. கீழத்தெரு போச்சு. பச்சையம்மாவும் போச்சு.

சுலோசனா பதவியைத் தூக்கிப் போட்டுட்டு இங்கயே வந்துட்டா. கரையைத் திரும்பக் கட்டினாங்க. அடுத்த மழைக்கு முந்தி, கையில கம்பு, வெறுங்காலு, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் குத்திக் குத்திப் பாத்தாளாம். மதகு மேல நின்னு, "பாத்தேன்"னாளாம். ஒரே வார்த்தை.

இந்தத் தடவை ஊரு கை தட்டலையாம். எப்படித் தட்டும்? வீட்டு ஆளுங்களைப் பறிகுடுத்தவங்க. முனிரத்தினம்தான் கிட்ட வந்து கேட்டானாம்: "சாப்பிட்டியாக்கா?"

அப்பதான் அழுதாளாம். அம்மா போயி அன்னிக்குத்தான் மொதல்ல அழுதாளாம்.

சாகுற வரைக்கும் வருஷா வருஷம் நடந்தா. அதான் இது பாத்தவ கரை. அவளுக்கப்புறம் யாரு பதவிக்கு வந்தாலும் மழைக்கு முந்தி நடந்து, மதகு மேல நின்னு "பாத்தேன்"னு சொல்லணும். சொன்னா, ஊரே சேந்து "சாப்பிட்டியா?"ன்னு கேட்டு இலை போடும்.

கம்பு அங்க இருக்கு, தலைவரே. நடங்க. கீழத்தெருவுல உலை வச்சுட்டாங்க.