வாசல் திறக்கட்டும், வைத்தியர் வரட்டும்

செஞ்சிக் கோட்டையடியிலே திரண்டிருக்கும் இந்தச் சபைக்குத் தலைமையேற்றிருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே! அறிவிலும் அனுபவத்திலும் மூத்த பெரியோர்களே! அடுப்படி வேலையை அரைகுறையாய் விட்டுவிட்டு வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! மேடையிலே கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் இளம் டாக்டர்களே! ஜவுளிக்கடை சைபுதீனின் வணக்கம் அனைவருக்கும் உரித்தாகட்டும்.

பிழைக்க வைப்பவர் டாக்டர். பிழைக்கவே மாட்டார் என்று தெரிந்த பிறகும் படியேறி வருபவர் யார்? அவருக்கு அங்கே என்ன வேலை? "தீராத நோயாளியின் வலியைத் தீர்க்கும் வைத்தியத்தை இளம் டாக்டர்களுக்கு நம்மூரிலே சொல்லித்தரப் போகிறேன்" என்று டாக்டர் அரங்கநாதன் ஆறு மாதத்துக்கு முன் அறிவித்தபோது, முதலில் சிரித்தவன் நான்தான்.

வல்லத்திலே வீராசாமி என்றொரு விவசாயி. தொண்டையிலே புற்றுநோய். பெரிய ஆஸ்பத்திரி கைவிரித்துவிட்டது. இதோ இருக்கிறாரே டாக்டர் விநாயகம், பாடம் படிக்க வந்தவர், வழி தெரியாத இவரை அந்த வீட்டுக்கு நான்தான் அழைத்துப் போனேன். ஆஸ்பத்திரி அனுப்பிவிட்ட வீட்டுக்கு டாக்டர் வந்தால் நம்மூரிலே என்ன பொருள்? உயிர் போய்விட்டதா என்று பார்க்க வருகிறார்! பையைப் பார்த்ததுதான் தாமதம், தெருவே மாரடித்துக்கொண்டு வந்துவிட்டது. ஒருவர் சாவு மேளத்துக்கு ஆளே அனுப்பிவிட்டார். சிரிக்காதீர்கள் ஐயா, அனுப்பியவர் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார்!

உள்ளேயிருந்து வீராசாமி, "இன்னா ஆண்டாளு, யாரு பூட்டாங்க?" என்றார்.

மனைவி ஆண்டாளம்மாள், "யாரும் போவலய்யா. உன்னப் பாக்க டாக்டர் வந்துக்கிறாரு" என்றாள்.

"பொழைக்க வெப்பியா சாமி?" என்று அவர் நேராகவே கேட்டார்.

விநாயகம் பொய் சொல்லவில்லை. "முடியாதுங்க ஐயா. ஆனா வலிய நிறுத்தலாம்."

"அப்ப நிறுத்து. ஒரு நாளு படுத்துத் தூங்கணும்."

மூன்று வாரமாய்க் குந்தியபடியே கண்ணயர்ந்த மனிதர் அவர்! அலறிய பிறகு ஊசி போடுவது பழைய வழக்கம். வலி வருமுன்னே மணி பார்த்து மருந்து கொடுப்பது இவர்கள் கற்ற பாடம். நாலு மணிக்கொரு தரம் ஆண்டாளம்மாளே கொடுத்தாள். மூன்றாம் நாள் போகிறேன், வீராசாமி காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறார்! முதல் நாள் அழ வந்த பெண்கள் சுவரோரமாய் நின்று பார்க்கிறார்கள். கோட்டையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன் நான். அன்று குனிந்து, ஒரு மனிதன் தூங்குவதைப் பார்த்து மலைத்தேன்.

அதற்குப் பிறகு இருபத்தாறு நாள் இருந்தார். பேசினார், மல்லாட்டைக் கடலை விதைக்காகத் தம்பியோடு சண்டை போட்டார், அமைதியாய்க் கண் மூடினார்.

இப்படிப்பட்ட டாக்டர்களுக்கு நாம் செய்ததென்ன? ஐந்து வீடுகளில் வாசலோடு திருப்பி அனுப்பினோம். படியேறினால் ஊர் அழுமே என்ற பயம்! கதவடைத்தால் இவர்கள் எங்கே படிப்பார்கள்? வலியில் துடிப்பவர்கள் எங்கே போவார்கள்? யார் அந்த ஐந்து பேர் என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறார். நான்கு பேரைச் சொல்லமாட்டேன். ஐந்தாவது ஜவுளிக்கடை சைபுதீன்.

ஆம். என் மனைவி கமருன்னிசாவுக்கும் அதே நோய். நான் கலங்குவேனென்று தலையணையைக் கடித்துக்கொண்டு வலியை மறைக்கிறாள். வீராசாமி தூங்கியதைக் கண்ணால் கண்ட பிறகும், நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று கதவைச் சாத்திய கோழை நான்.

டாக்டர் விநாயகம் அவர்களே! நாளை வேண்டாம், இப்போதே என்னோடு வாருங்கள். கடைத்தெரு வழியாக, எல்லோரும் பார்க்கவே நடப்போம். தாய்மார்களே, யாரும் அழவேண்டாம், வழி மட்டும் விடுங்கள். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். என் வீட்டிலே ஒருத்தி இன்று தூங்க வேண்டும்.