போன் சொன்னால் கேட்கிற மனுசன்

"நான் சொன்னாக் கேக்காத மனுசன், போன் சொன்னா உடன எழும்பிப் போறார்."

களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்திலிருந்த இளம்பெண்ணிடம் சொன்னார். நான் வெளியே பார்ப்பதுபோல் காதைக் கொடுத்தேன்.

"வயல் வட்டைக்குத் தண்ணி கட்டுற நேரம், உரம் எறியிற நாள் எல்லாம் போனில குறிச்சு வச்சிருப்பார் புள்ள. மணி அடிச்சா சோத்தையும் வச்சிட்டு ஓடுவார். பிறகு நானும் அதில களவா எழுதத் தொடங்கினன். பிரசர் குளிசை எண்டு எழுதினன், போட்டார். தலைமயிர் வெட்டு எண்டு எழுதினன், வெட்டிக்கிட்டு வந்தார்."

"அவருக்கு விளங்கல்லையா அக்கா?"

"தான்தான் எழுதிப்போட்டு மறந்திட்டன் எண்டு நினைக்கிறார்."

ஆரையம்பதி தாண்டியும் அவர் தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் பார்த்தார்.

"என்னக்கா, ஒரு நிலையில இல்லாம இருக்கீங்க?"

"இண்டைக்கு 'மகளோட கதைக்கணும்' எண்டு எழுதிட்டன் புள்ள. அவள் விரும்பினவனக் கட்டிக்கிட்டுப் போனதில இருந்து இவர் அவள்ர பேரையே எடுக்கிறல்ல. இப்ப மணி அடிச்சிருக்கும். அதான் வீட்டில நிக்காம பஸ் ஏறிட்டன்."

நாவற்குடாவில் அந்தப் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டுவிட்டு மடியில் வைத்தார்.

"ஏசினாராக்கா?"

"இல்ல. மகள்ர நம்பரை எப்பவோ அழிச்சுப் போட்டாராம். அனுப்பச் சொல்றார்."