பூட்டாத கேமரா

அரவணைமேல் துயிலும் பெருமான் திருவடி காக்க. வைகாசி வளர்பிறை ஏகாதசியன்று, திருவில்லிபுத்தூர்த் தரிசனத்துக்காக இராஜபாளையத்தில் பேருந்து ஏறினேன். முன்னிருக்கையில் கிருஷ்ணன்கோவில் பொறியியல் கல்லூரி மாணவியர் இருவர் அமர்ந்திருந்தனர். மடிக்கணினி வைத்திருந்தவளின் பேச்சு என் செவியை ஈர்த்தது.

"மிஷின நான் தொடவே இல்லட்டி. ஆனா வீடியோவுல அது குட்டிக்கரணம் போடுது."

பேண்டேஜ் துணி சுருட்டும் இயந்திரத்தைக் கணினியில் வரைந்து, அது பாகம் பாகமாகக் கழல்வதை அவள் அசைபடமாக்கியிருந்தாள்.

"நடுவுல மவுசால படத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தியா?" என்றாள் தோழி.

"போல்ட்டு ஒழுங்கா கழலுதான்னு பாக்கணும்லா."

"சாப்ட்வேர்ல பார்வக் கோணத்துக்குன்னு இருக்க கேமராவப் பூட்டாமப் பாத்திருக்க. நீ திருப்புனது அம்புட்டும் பதிஞ்சிருச்சு."

"பத்து மணிக்குச் சார்ட்டக் காட்டணும்ட்டி. இல்லன்னா இந்த வருசம் பாஸ் கிடையாது." அவள் கண்ணைத் துடைத்தாள்.

"அழுவாத. முத பார்வக் கோணத்த மட்டும் வச்சுட்டு மிச்சத்த அழி. பொறவு கேமராவப் பூட்டு."

அவள் விசைகளைத் தட்டி அழித்தாள், பூட்டினாள்.

"இப்ப ஓட்டு. கையக் கட்டிக்க, இல்லன்னா பழக்கத்துல பூட்டத் தொறந்து மறுபடியும் திருப்பிருவ."

அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். திரையில் இயந்திரம் நின்ற இடத்திலேயே நிற்க, போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சன்னலில் கோபுரம் தெரிந்தது.

"ஏட்டி, கும்பிட்டுக்க."

"முடியட்டும். கைய எடுத்தா தொட்டுருவேன்."

கடைசிப் போல்ட்டு கழன்றபின்னரே அவள் கைகூப்பினாள். இதைப் படிப்போர் எடுத்த காரியமும் இடையில் அசையாமல் நிறைவேறுவதாக.