அந்தச் சுறாவைத் திரும்ப விடாதீங்க

ஐயோ அண்ணே, அதைத் திரும்பத் தண்ணியில விடாதீங்க! குடுங்க இப்படி. கடிக்காதுல்ல? அப்ப சரி. சுறாவைப் போயி வேண்டாம்னு வீசுதீங்களே... ஆமா, தெரியும், இங்க யாரும் திங்க மாட்டாங்க, தூண்டில்ல மாட்டுனா திட்டிட்டே கழட்டி விடுவாங்கன்னு அந்தா நிக்காருல்ல தொப்பிக்காரரு, அவரு சொன்னாரு. டாக் ஃபிஷ்ஷாம். நாயாம்! எங்க ஊருல வந்து சொல்லிப் பாக்கட்டும். பிள்ளை பெத்தவ வீட்டுக்குப் பால்சுறா வந்தா என்ன மரியாதை அதுக்கு!

வேம்பாருக்காரிண்ணே நான். எனக்கு மீன் தெரியும், இந்த நியூஜெர்சிக் கடல்தான் பிடிபடல. ஜூலை வெயிலு மண்டையைப் பொளக்குது, காலை வச்சா தண்ணி ஐஸா இருக்கு. ஏன் அப்படி?... ஓ. தெக்குக் காத்து விடாம அடிச்சா மேல உள்ள சூட்டுத் தண்ணியத் தள்ளிட்டு அடித்தண்ணி ஏறி வந்துருமா? அதான் ஃப்ளூக் ஒண்ணும் கடிக்கலையா, அந்தத் தட்டை மீனு? அது போவுது, விடுங்க. இது ஒண்ணு பத்தாது, இன்னும் சுறா கடிக்குமா? ராரிட்டன் ஆத்து முகத்துவாரத்துல தண்ணி கொஞ்சம் சூடா இருக்கும்னாங்களே, அங்க போவமா? இருட்டுனா வருமா? சரி, இருக்கேன். எவ்வளவு நேரம்னாலும் இருக்கேன்.

கடலைப் பத்திக் கேட்டா மட்டும் நல்லாப் பேசுதீங்கண்ணே. பார்சிப்பனியில ஒரே அபார்ட்மென்ட், மாடிப்படியில பாத்தா தலையைக் குனிஞ்சிட்டுப் போயிருதீங்க.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். வெந்நி ஊத்தித் தோலைச் சுரண்டி, மஞ்சப்பொடி போட்டு அவிச்சு உதுத்து, பூண்டும் சின்ன உள்ளியும் அள்ளிப் போட்டுப் புட்டு வச்சுத் தின்னா பால் ஊறும். வெந்தயம், பூண்டுக் கஞ்சி, டாக்டரம்மா குடுத்த மாத்திரை எல்லாம் பாத்தாச்சு. வத்திட்டேதான் போவுது. எங்க வீட்டுக்காரரு இருக்காரே, போன் லைனைப் பிடுங்கிக் கம்ப்யூட்டர்ல மாட்டி இன்டர்நெட்ல தேடிட்டு, சுறாவுக்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்லங்காரு. பெரிய்ய... இவரு பால் குடுத்துப் பாத்தவரு!

டப்பாப் பாலா? அது ஒத்துக்கலண்ணே. மாத்தி மாத்திப் பாத்தாச்சு, குடிச்ச வேகத்துல கக்கிருது. பிள்ளைக்கு விலா எலும்பு தெரியுது. திங்கக்கிழமை எடை போடுவாங்க, ஏறலைன்னா சேத்துக்கிட்டு மூக்குல குழாய் விடணும்னுட்டாங்க. அழக்கூடத் தெம்பில்ல, பூனைக்குட்டி மாதிரி வாயை மட்டும் திறக்குது. நான் சும்மா மாரைக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன், ஒண்ணும் வரல. ஒண்ணுமே வரலண்ணே...

இல்ல, அழல. காத்துல மண்ணு.

நூலு இழுக்குது பாருங்க! ...போயிருச்சா? போகட்டும், இன்னொரு கணவாய்த் துண்டு மாட்டுங்க.

உங்க உம்மா நேத்துக் காயல்பட்டினத்துலருந்து போன் போட்டாங்க. இங்க வர விசா இன்னும் கிடைக்கலையாம். நான் பால் குடுக்கறதால உங்க மார்க்கப்படி என் சபரிப் பயலும் உங்க மவளும் இனிமே அண்ணன் தங்கச்சியாம்ல, பின்னால கட்டி வைக்க முடியாதாம். அடப் போங்கம்மா, எம் மவனுக்கு ஒரு பொண்ணு குறைஞ்சுபோச்சேன்னேன். சிரிச்சாங்க. அப்புறம் அழுதாங்க.

சபரிக்கு நிறுத்திட்டேண்ணே. அவன் தடியன், டப்பாப் பாலு, இட்லி எல்லாம் முழுங்குதான். ஊறுறது பூராவும் உங்க மவளுக்குத்தான். பிரசவத்துல உங்க ஆஸிபா பிழைச்சு நான் போயிருந்தா, அவ என் பிள்ளைக்குக் குடுத்திருக்க மாட்டாளா?

ஆஸ்பத்திரியில பேரு கேக்காங்க. இன்னும் பேபி கேர்ள்னே எழுதிட்டிருக்காங்க. ஒரு தடவைகூட நீங்க தூக்கல... கோவப்படாதீங்க. பிள்ளையைத் தூக்கிட்டு வந்துட்டேன். கார்ல ஏசி போட்டு எங்க வீட்டுக்காரரு மடியில வச்சிட்டிருக்காரு.

அங்கிட்டு இல்லண்ணே, காரு இந்தப் பக்கம். கையை மட்டும் நல்லாக் கழுவிட்டு வாங்க.