தூக்குவாளியில் ஒரு கலர் மீன்

தொண்டியிலிருந்து இராமநாதபுரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் வயதான மீனவர் ஒருவரும் அவர் மனைவியும். அந்த அம்மாள் மடியில் தூக்குவாளி வைத்திருந்தார். சோறு என்றுதான் நினைத்திருந்தேன்.

"டிரைவர மெதுவா ஓட்டச் சொல்லுங்க. எட்டு வயசாச்சு இதுக்கு, குலுக்கல் தாங்காது," என்றார் கணவரிடம்.

எட்டிப் பார்த்தேன். வாளித் தண்ணீரில் ஆரஞ்சு நிறக் கலர் மீன் ஒன்று ஒருக்களித்து மிதந்தது.

"செவுள் வெளுத்திருந்ததப் பாத்துத்தானே நேத்தே வைத்தியம் பண்ணுனேன்," என்றார் கணவர்.

"வைத்தியமா? கடத்தண்ணியக் கொண்டாந்துல்ல தொட்டில ஊத்துனீக."

"நான் பாத்த மீனெல்லாம் கடல்லதானே புள்ள கெடந்துச்சு."

அந்த அம்மாள் வெயில் படாமல் வாளியின் வாயை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

தேவிபட்டினம் தாண்டியதும் கணவர் மெல்லச் சொன்னார்: "கலர் மீன் கடைக்காரரு மருந்து எதாச்சும் தருவாரு. பொழைக்கலன்னா இதே நெறத்துல ஒண்ணு வாங்கிருவோம். மகன் சவுதிலருந்து வந்தா வித்தியாசம் தெரியவா போகுது?"

"அவனுக்குத் தெரியாதுதான். ஆனா, அவன் கண்ணாடித் தொட்டிகிட்டப் போனாலே இது மேல ஓடியாருமே, புதுசுக்கு அவன எப்படிங்க தெரியும்?"

கணவர் கொஞ்ச நேரம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கம்பியைப் பிடித்தபடி முன்னால் போய், மெதுவாக ஓட்டச் சொல்லி ஓட்டுநரைக் கும்பிட்டார்.